பெங்களூரின் சாம்பல் மாதங்கள்

கோடை போய் மேகம் கவியும்போது மனசையும் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது

மே மாதத்தில் சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ பெங்களூருக்கு வந்து இறங்குகிறவர்கள் முதலில் சொல்வது இதுதான்: "உங்களுக்கென்ன, ஊருக்கே ஏ.சி. போட்டிருக்கிறது!" உறவுக்காரர்கள் குழந்தை குட்டிகளோடு வருவதும், லால்பாக், கப்பன் பார்க், விதான சௌதா என்று சுற்றிவிட்டு மைசூர்பாகு டப்பாவோடு ரயில் ஏறுவதும் அந்த மாதத்தில்தான். பள்ளிக்கூடம் திறந்ததும் அவர்கள் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு இந்த ஊர் என்னவாகிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

ஜூன் மாதம் வானம் மூடிக்கொள்கிறது. தென்மேற்குப் பருவமழை மேகங்கள் தம் சரக்கில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறக்கிவிட்டு மிச்சத்தோடு பீடபூமிக்கு வருகின்றன. மங்களூரில் கொட்டித் தீர்ப்பதுபோல இங்கே கொட்டுவதில்லை. தூறுகிறது, நிற்கிறது, மறுபடி தூறுகிறது. ஆடிக் காற்று ஜன்னலை அடிக்கிறது. கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வெளியே ஒரே நிறம்: சாம்பல்.

இது வெறும் தோற்றமல்ல. வானிலைப் பதிவுகள் காட்டும் நீண்ட கால சராசரிப்படி, ஏப்ரலில் பெங்களூரில் நாளொன்றுக்கு எட்டரை மணி நேரம் வெயில் காய்கிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் அது நான்கு மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. செப்டம்பரில் கொஞ்சம் ஏறினாலும் அப்போது மழையும் ஏறுகிறது. ஆண்டிலேயே அதிகம் நனையும் மாதம் செப்டம்பர்; அடுத்தது அக்டோபர். சென்னையும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில் இருக்கின்றன. ஆனால் ஜூலையில் சென்னைக்காரர் வெயிலை வைதுகொண்டிருக்கும்போது, 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூர்க்காரர் வெயிலைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்த மாதங்களில் இங்கே பலருக்கும் ஒரு சோர்வு வருகிறது. காலையில் எழுந்திருக்க மனமில்லை. தூங்கினாலும் தூங்கிய திருப்தி இல்லை. நண்பர் கூப்பிட்டால் "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று போனை வைக்கத் தோன்றுகிறது. கேட்டால், "ஒன்றுமில்லை, கிளைமேட் சரியில்லை" என்பார்கள். பெரும்பாலானவர்கள் விஷயத்தில் அது உண்மை. சிலர் விஷயத்தில் உண்மையல்ல. இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் இந்த ஊரில் கோடைக்குப் பிந்தைய மாதங்களைக் கடக்கும் சூட்சுமம்.

இலையுதிர் காலம் இல்லாத ஊர்

மேல்நாட்டுக் கதைகளைத் தமிழில் பெயர்க்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் சொல் 'இலையுதிர் காலம்'. அங்கே கோடை முடிந்து செப்டம்பர் பிறந்தால் இலைகள் நிறம் மாறி உதிர்கின்றன, பகல் சுருங்குகிறது, கதாபாத்திரங்களின் முகமும் சுருங்குகிறது. நம்முடைய ஆறு பெரும்பொழுதுகளில் அப்படி ஒரு காலமே கிடையாது. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். அதற்குப் பிறகு முன்பனி, பின்பனி. பெங்களூர்ச் சாலைகளில் பல மரங்கள் இலையை உதிர்ப்பது ஜனவரி, பிப்ரவரியில். அதுவும் அடுத்து வரும் பூவுக்கு இடம் விடுவதற்காக. ஆகவே மேல்நாட்டார் இலையுதிர் காலத்தில் படும் பாட்டுக்கு நம் பக்கத்து இணை என்று தேடினால் காரும் கூதிரும்தான்.

அந்த மாதங்களுக்கும் மனசுக்கும் உள்ள தொடர்பைத் தமிழ் இலக்கியம் வெகு காலம் முன்பே கணக்கில் எடுத்துக்கொண்டது. தொல்காப்பியம் முல்லைத் திணைக்குக் கார்காலத்தையும் மாலைப் பொழுதையும் ஒதுக்குகிறது. அதன் உரிப்பொருள் 'இருத்தல்', அதாவது பிரிந்து போனவர் வருவார் என்று ஆற்றிக்கொண்டு காத்திருப்பது. நக்கீரரின் நெடுநல்வாடையில் கூதிர்காலக் குளிரில் மனிதர்களும் மாடுகளும் பறவைகளும் ஒடுங்கிக் கிடக்க, அரண்மனைக் கட்டிலில் அரசி யார் தேற்றியும் தேறாமல் கிடக்கிறாள். ஆகவே மேகம் கவிந்தால் மனசும் கவியும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எந்தச் சோர்வு காலம் மாறினால் தானே போகும், எது போகாது என்பதே அது.

1984இல் அமெரிக்காவில் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் மனச்சோர்வு ஒன்றை ஆய்வுக் கட்டுரையாக விவரித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலம் நெருங்கும்போது சிலருக்குத் தூக்கம் கூடுகிறது, மாவுப் பண்டங்களில் ஆசை கூடுகிறது, உற்சாகம் வற்றுகிறது; வசந்தம் வந்தால் சரியாகிவிடுகிறது. காரணம் பெரும்பாலும் வெளிச்சக் குறைவு. லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. டொரண்டோவில் ஒன்பதுக்கும் குறைவு. பேரக் குழந்தையைப் பார்க்க அக்டோபரில் கனடா போகிற ஜெயநகர் தாத்தா பாட்டிகள் டிசம்பரில் ஊருக்குத் திரும்பத் துடிப்பதற்கு, பேச்சுத்துணை இல்லாததோடு இந்த இருட்டும் ஒரு காரணம்.

பெங்களூரின் கணக்கு வேறு. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஜூலையில் மாலை ஆறு ஐம்பதுக்கு மறையும் சூரியன் நவம்பரில் ஐந்து ஐம்பதுக்கு மறைகிறது. இதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. இங்கே வெளிச்சத்தைத் திருடுவது முதலில் மேகம். அடுத்து, நாம் கட்டிக்கொண்டிருக்கும் வாழ்க்கை.

ஒளியின் அளவை லக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். மேகம் மூடிய பகலிலும் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். விளக்குகள் எரியும் அலுவலகத்தில் 300 முதல் 500. காலை எட்டு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறி, கறுப்புக் கண்ணாடி வழியே ஊரைப் பார்த்து, நாள் முழுக்கக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் இருந்து, இருட்டிய பிறகு வெளியே வருகிற ஒருவர், பெங்களூரில் இருந்துகொண்டே லண்டன் டிசம்பரை அனுபவிக்கிறார். நைட் ஷிப்ட்காரர் நிலைமை இன்னும் மோசம்.

மேல்நாடுகளில் இந்தச் சோர்வுக்கு 10,000 லக்ஸ் விளக்கு ஒன்றின் முன்னால் தினமும் காலையில் அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். காலை வெளிச்சம் கண்ணில் படும்போது மூளையில் இருக்கும் உடல் கடிகாரம் சரியாகிறது. இரவில் சுரக்கும் மெலடோனின் அடங்குகிறது. அன்றிரவுத் தூக்கம் நேரத்துக்கு வருகிறது. பெங்களூர்வாசி இதற்காக விளக்கு வாங்க வேண்டியதில்லை. மேகம் எவ்வளவு கறுத்திருந்தாலும் வாசலுக்கு வெளியே, கூடத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது. வெளியே போனால் போதும்.

லால்பாக்கில் காலை

வெளியே போக இந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் இன்று 240 ஏக்கர். மேற்கு வாசல் வழியாக நுழைந்தாலும் கிழக்கு வாசல் வழியாக நுழைந்தாலும் கால்கள் கடைசியில் அந்தப் பாறைக்குத்தான் போகும். சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள பாறை. அதன் உச்சியில் கெம்பே கவுடா கோபுரம். மேகமூட்டமான காலையில் அங்கே ஏறி நின்றால் தலைக்கு மேலே வானம் முழுக்க ஒரே சாம்பல் போர்வை. ஆனாலும் கண்ணுக்குக் கூசும் அளவுக்கு வெளிச்சம். அறைக்குள் இருந்து ஜன்னல் வழியே பார்த்தபோது 'இருட்டிக்கொண்டு வருகிறது' என்று தோன்றிய அதே வானம்தான்.

லால்பாக்கைப் பற்றிப் பேசும்போது குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஜெர்மனியில் பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, பரோடா வழியாக 1908இல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து, 1956இல் இறக்கும்வரை இந்த ஊரோடு இருந்தவர். ஒரு சாலையில் பூ முடியும்போது இன்னொரு சாலையில் பூ தொடங்க வேண்டும், ஆண்டில் எந்த மாதத்திலும் பெங்களூர் பூவில்லாமல் இருக்கக் கூடாது என்பது அவர் வகுத்த திட்டம். நாம் படம் எடுத்து அனுப்புவதெல்லாம் கோடையின் குல்மொஹரையும் ஜகரந்தாவையும்தான். சாம்பல் மாதங்களுக்கும் இங்கே பூ இருக்கிறது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மஞ்சள் கொன்றை வகை ஒன்று தெருவோரங்களில் பூக்கிறது. அக்டோபரில் மரமல்லி தொடங்குகிறது. கன்னடத்தில் அதை ஆகாச மல்லிகை என்கிறார்கள். உயரமான மரம், இரவில் மலர்ந்து விடிவதற்குள் நீண்ட காம்போடு வெள்ளை வெள்ளையாகத் தரையில் கிடக்கும். வீட்டை விட்டு விடிகாலையில் கிளம்பினவருக்குத்தான் அது கிடைக்கும். எட்டு மணிக்குள் பெருக்கிவிடுவார்கள்.

லால்பாக் தூரம் என்றால் கப்பன் பார்க். அலசூர்ப் பக்கத்துத் தமிழர்களுக்கு அலசூர் ஏரி. ஏரிக்கு அருகில் 18 ஆண்டுகள் துணி மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை இருக்கிறது. மூடிய துணிக்குள் 18 மழைக்காலம் காத்திருந்தவரைப் பார்த்துவிட்டு வருவதும் ஒரு நல்ல நடைதான்.

முப்பது நாற்பது நிமிட நடை, காலையில், கூடுமானவரை தினமும். மனச்சோர்வின் லேசான நிலைகளுக்கு நடையும் உடற்பயிற்சியும் உண்மையாகவே பலன் தருவதாக மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு. சோர்ந்திருக்கிறவருக்கு நடக்கப் பிடிக்காது. "மனசு சரியாகட்டும், அப்புறம் போகிறேன்" என்பார். மனநல சிகிச்சையில் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்: முதலில் போங்கள், மனசு பின்னாலேயே வரும். செருப்பை வாசலிலேயே வைத்துக்கொள்வதும், வழியில் ஒரு துணையைப் பேசி வைத்துக்கொள்வதும் உதவும். ஒரு ஆள் கேட் அருகில் காத்திருக்கிறார் என்றால் எழுந்துவிடுவோம்.

வெள்ளிக்கிழமை பஸ்

வெளிச்சத்துக்கு அடுத்தபடியாக இந்த மாதங்களில் குறைவது மனிதர்கள். ஆடியில் நம் வீடுகளில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. கன்னடக்காரர்களின் ஆஷாடத்திலும் அப்படியே. மழையில் பார்க்குக்கு வரும் கூட்டமும் குறைகிறது. மாலையில் சில்க் போர்டு நெரிசலில் இரண்டு மணி நேரம் கழித்துவிட்டு வருகிறவருக்கு யாரையும் போய்ப் பார்க்கத் தெம்பில்லை. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் வெள்ளம் புகுந்து, டிராக்டரில் ஏறி ஆபீஸ் போன காட்சியை நாடே பார்த்தது. அது அசாதாரணம். ஆனால் ஒரு மணி நேர மழைக்கு ஊர் ஸ்தம்பிப்பதும், அதற்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவதும் இங்கே சாதாரணம்.

இதில் அதிகம் தனித்துப் போகிறவர்கள் இரண்டு தரப்பு. ஒன்று, மராத்தஹள்ளியிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் பி.ஜி. அறைகளில் இருக்கும் பிள்ளைகள். சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்கள். வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் நின்று பாருங்கள். தோளில் பையோடு ஊருக்குப் போகும் பஸ்ஸைத் தேடி எத்தனை பேர்! அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பற்றிக் கவலையில்லை. ஒவ்வொரு வாரமும் ஏதாவது காரணம் சொல்லி ஏறாமல் அறைக்குத் திரும்புகிறவரைத்தான் யாராவது கவனிக்க வேண்டும்.

இன்னொரு தரப்பு, ஒரு காலத்தில் 'பென்ஷன்காரர்களின் சொர்க்கம்' என்று பெயர் வாங்கிய இந்த ஊரின் பெரியவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். மழை ஈரத்தில் வழுக்கும் என்று காலை நடையை நிறுத்துகிறார்கள். நடையோடு பார்க் பெஞ்சு நண்பர்களும் நின்றுபோகிறார்கள். "வயசாயிற்று, அப்படித்தான் இருக்கும்" என்று சுற்றி இருப்பவர்கள் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். வயது மனச்சோர்வுக்குக் காரணமாகாது. பெரியவர்களுக்கு வரும் மனச்சோர்வும் சிகிச்சைக்குக் கட்டுப்படும்.

நம் முன்னோர்களின் பஞ்சாங்கம் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமானது. ஆஷாடம் கழிந்ததும் வரமகாலட்சுமி, கிருஷ்ண ஜெயந்தி, கௌரி கணேசா, தசரா, தீபாவளி என்று வீட்டுக்குள் இருப்பவரை வெளியே இழுக்கும் நாட்கள் வரிசையாக வருகின்றன. சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவில் ஆகஸ்ட் 29 முதல் நவநாள். செப்டம்பர் 8 அன்று தேர். காவி உடையில் வரும் கூட்டத்தில் தமிழ்க் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கடலைக்காய் பரிஷே. நந்தி கோயில் சாலை நெடுக நிலக்கடலைக் குவியல்கள். கடவுள் நம்பிக்கை இருப்பவர் கும்பிடப் போகலாம். இல்லாதவர் கடலை வாங்கப் போகலாம். போய் நாலு பேர் தோளில் இடித்துக்கொண்டு வருவதில்தான் பலன்.

ஒன்றை மட்டும் இந்த மாதங்களில் எச்சரிக்கையாக வைத்துக்கொள்ள வேண்டும். மழை மாலையும் மதுவும் சேர்ந்தால் சுகம் என்பது பெங்களூர் இளைஞர்களுக்கு வழிவழியாக வந்த பாடம். மது முதல் ஒரு மணி நேரம் சோர்வை மறைக்கும். பிறகு தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் சோர்வைக் கூட்டித் தரும். மனசு சரியில்லாத வாரங்களில் அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

இரண்டு வாரக் கணக்கு

காலை வெளிச்சம், நடை, நேரத்துக்குத் தூக்கம், நாலு மனிதர்கள். பெரும்பாலோருக்கு இவை போதும். இவற்றைச் செய்தும் போகாத சோர்வுக்கு மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: இரண்டு வாரம்.

நாளின் பெரும்பகுதி, ஏறத்தாழ எல்லா நாளும், மனசு கனத்தே இருக்கிறது. அல்லது முன்பு பிடித்த எதிலும் பிடிப்பில்லை. அதோடு தூக்கம் கெடுகிறது அல்லது அளவுக்கு மீறுகிறது. பசி மாறுகிறது. ஒரு பக்கம் படித்தால் மனதில் நிற்பதில்லை. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற குற்ற உணர்வு. செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு. இவற்றில் பல சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் அது வானிலையின் வேலையல்ல. அதற்குப் பெயர் மனச்சோர்வு நோய். அதற்கு மருத்துவர் இருக்கிறார். தற்கொலை எண்ணம் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். வீட்டில் ஒருவர் மீது சந்தேகம் வந்தால் "சாகத் தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டுவிட்டார்களே என்று ஆறுதல்படுகிறவர்கள்தான் அதிகம்.

பெங்களூரில் இந்த இடத்தில் ஒரு தனித் தடை இருக்கிறது. நல்ல ஊர், நல்ல சம்பளம், நல்ல கிளைமேட் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, சோர்ந்துபோனவர் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார். 'இந்த ஊரில் இருந்துகொண்டு எனக்கென்ன கேடு?' வறுமையோ இழப்போ வெளியே தெரிந்தால் மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். காரணம் தெரியாத துக்கத்தைச் சொல்ல நா எழுவதில்லை. ஆகவே "கிளைமேட் சரியில்லை" என்ற திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். வானம் வெளுக்கும் வரை பார்க்கலாம் என்று நாட்கள் போகின்றன.

இப்படிப் போகும் நாட்களின் கணக்கு சிறியதல்ல. பெங்களூரின் நிமான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தவர்களில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சோர்வு நோய் வந்திருக்கிறது. பெருநகரங்களில் மனநோய்களின் விகிதம் கிராமங்களைவிட அதிகம். நோய்க்கு நோய் வேறுபட்டாலும், சிகிச்சை பெறாமலே இருப்பவர்கள் 70 முதல் 92 சதவீதம்.

ஓசூர் ரோட்டில்

நிமான்ஸ் இருப்பது ஓசூர் ரோட்டில், டெய்ரி சர்க்கிளுக்கு அருகில். தமிழ்நாட்டுக்குப் போகிற சாலை. 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் இங்கே தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் டாக்டர் எம்.வி. கோவிந்தசாமி. 1974 டிசம்பரில் அந்த நிறுவனமும் மாநில அரசின் மனநல மருத்துவமனையும் இணைந்து தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனமாயின. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் நிமான்ஸ். 2012இல் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய மரங்களுக்கு நடுவே பழைய கல் கட்டடங்கள். உள்ளே புறநோயாளிப் பிரிவில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம் எல்லாம் காதில் விழும். கிருஷ்ணகிரியிலிருந்து மகனை அழைத்து வந்த தாயும், கொல்கத்தாவிலிருந்து தம்பியோடு வந்த அண்ணனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கியிருந்து கவனிப்பது இங்கே வழக்கம். நோயிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர்கள் பிரெட், பிஸ்கட் செய்யும் பேக்கரி ஒன்றும் வளாகத்தில் இருக்கிறது. வாங்கித் தின்றவருக்கு, மனநோய் என்றால் ஆயுள் தண்டனை என்ற எண்ணம் கொஞ்சமாவது கரையும்.

பெங்களூரில் யாராவது கோணலாகப் பேசினால் "நிமான்ஸுக்குப் போ" என்பார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம். வடக்கே ஆக்ரா, ராஞ்சி. ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரியின் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம். 1794இல் தொடங்கிய பாரம்பரியம் உள்ள கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கும் இதே கதிதான். இந்தக் கேலிக்கு விலை உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கப்பட்ட குடும்பங்கள் வேறு எங்கோ கொண்டுபோய் விட்டன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. சட்டம் சங்கிலியை எடுக்கும்; வெட்கத்தை நாம்தான் எடுக்க வேண்டும்.

எல்லோரும் பெங்களூர் வரத் தேவையில்லை என்பதும் நிமான்ஸிலிருந்து கிளம்பிய யோசனைதான். ஊருக்கு வெளியே சகலவாராவிலும், பிறகு 1980களில் பெல்லாரி மாவட்டத்திலும் ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பெல்லாரி அனுபவம்தான் 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாக நாட்டின் பிற பகுதிகளுக்குப் போனது. இன்று பல மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பஸ் ஏறவும் முடியாதவருக்கு டெலிமானஸ். 2022 அக்டோபர் 10, உலக மனநல தினத்தன்று தொடங்கிய சேவை; நிமான்ஸ்தான் அதன் தலைமை மையம். எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலும் பேசலாம்.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்? முதலில் கேட்பார்கள். தைராய்டு குறைவாலும் இதே சோர்வு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதலாம். லேசான நிலைக்குப் பேச்சு வழி சிகிச்சையே போதலாம். மாத்திரை தேவைப்பட்டால் அது வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். நாலு நாளில் பலனில்லை என்று விடுவதும், நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்துவதும் கூடாது. முன்பே சிகிச்சையில் இருப்பவர்கள், எந்த மாதங்களில் தமக்கு மனசு தாழ்கிறது, எப்போது அளவுக்கு மீறி எழும்புகிறது என்று காலண்டரில் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டினால் அடுத்த ஆண்டுக்கு முன்கூட்டியே தயாராகலாம்.

மும்பையில் நான்கு மாத மழையிலும், டில்லியில் ஜனவரி மூடுபனியிலும் இருக்கும் நம்மவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஊருக்கு ஊர் வானம் வேறு. இரண்டு வாரம் எல்லா ஊரிலும் இரண்டு வாரம்தான்.

ஓசூர் ரோட்டில் ஓடும் பஸ்களில் கண்டக்டர் "டெய்ரி சர்க்கிள், நிமான்ஸ்" என்று ஒரே மூச்சில் கூவுகிறார். அவருக்கு அது ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். அங்கே இறங்குகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பால் பண்ணை நிறுத்தத்தில் இறங்குவது போலவே இதுவும் என்று அந்த பஸ்ஸில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அது வீடுகளுக்கும் தெரிய வேண்டும்.